கடன் இருக்குதுன்னு சொல்ல வெட்கம் ஏன்?

(பழவேற்காட்டில் நடந்த நம் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நாம பேசப் போறது பணத்தைப் பற்றி. ஆனால் சிக்கனமா இருங்க என்று புத்தி சொல்ல வரவில்லை. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போய் விற்று வருகிற நமக்குச் சிக்கனத்தை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. நாம் பேச வேண்டியது வெட்கத்தைப் பற்றி.

நம்ம குழு ஒன்றில் நடந்தது. பெயர் வேண்டாம். ஒரு அக்கா தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரவில்லை, தவணையும் கட்டவில்லை. நாம என்ன செய்தோம்? கூட்டத்தில் அவர் பெயரை உரக்க வாசித்தோம். "வாங்கும்போது இனிச்சுதாம், கட்டும்போது கசக்குதாம்" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அது அவர் காதுக்குப் போனது. நாலாவது கூட்டத்துக்கும் வரவில்லை.

அப்புறம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினபோதுதான் விஷயம் தெரிந்தது. முகத்துவாரம் மண் அடைத்து மீன் வரத்தே இல்லாத மாசம். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலை. யாருக்கும் சொல்லாமல் தினத் தண்டல் வாங்கியிருக்கிறார். அதை அடைக்க இன்னொரு தண்டல். குழுவில் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்கத்தான் வெட்கம். அந்த வெட்கத்தை உண்டாக்கினது யார்? நாமும்தான்.

நம்ம ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். எல்லாருக்கும் தெரிய நடப்பதால்தான் சண்டை குறைகிறது. வலைக்கு அப்படி என்றால், வீட்டுக் கடனை மட்டும் ஏன் முந்தானையில் முடிந்து வைக்கிறோம்?

மறைத்தால் கணக்கும் மறைந்து போகும். தண்டலையே பாருங்கள். 10,000 என்று பேசி, பிடித்தம் போக 9,000 கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "ஆயிரம்தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் தினமும் திருப்பிக் கட்டுவதால், 100 நாளும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நம்மிடம் இருப்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதுக்கு 1,000 வட்டி! நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 7 ரூபாய். குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால், இதே பணத்துக்கு இதே நாளுக்கு 150 ரூபாய்தான் வரும்.

வியாபாரக் கணக்கும் அப்படித்தான். 1,500-க்கு மீன் எடுத்து 2,000-க்கு விற்றால் லாபம் 500 இல்லை. ஐஸ் 60, ஷேர் ஆட்டோ 100, சந்தைக் கட்டணம் 20 போனால் மிச்சம் 320. அதில் தண்டலுக்கு 100 போனால் 220. "எவ்வளவு வித்தும் கையில நிக்கலியே" என்று நம்மையே குறை சொல்லிக் கொள்கிறோமே, எழுதிப் பார்த்தால் தெரியும், குறை நம்மிடம் இல்லை.

எழுதத் தெரியாதவர்கள் மகளையோ மகனையோ எழுதச் சொல்லுங்கள். வங்கியில் படிவம் புரியவில்லை என்றால் "எனக்குப் புரியலை, சொல்லிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். அங்கே இருப்பது நம்ம பணம். பாஸ்புக்கில் பதிவு போடாமல் திரும்பாதீர்கள். மீனவ மகளிருக்கான அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நம் பங்கைத் தவறாமல் கட்டுங்கள். மீன் குறைந்த மாதங்களில் அரசின் பங்கோடு சேர்ந்து திரும்பி வரும்.

இன்னொரு விஷயம். நுண்கடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. திட்டக் கூடாது. உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களே செய்யக் கூடாததை, கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கிற நாம் செய்யலாமா?

அதனால் நம் குழுக்களில் மூன்று முடிவு எடுப்போம். தவணை தவறினவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். வெளிக்கடன் இருந்தால் சொல்லலாம், யாரும் கேலி பேசக் கூடாது. மாசம் ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் வட்டிக் கணக்குப் போட்டுப் பழகுவோம்.

அந்த அக்காவின் தண்டலைக் குழுக் கடன் கொடுத்து அடைத்தோம். பாக்கி இன்னும் இருக்கிறது. ஆனால் போன மாசம் கூட்டத்தில் அவரே எழுந்து, "எனக்கு இன்னும் இவ்வளவு பாக்கி" என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.