பெயர் முந்தியதோ, கம்பனி முந்தியதோ?

முன்னாளில் வியாபாரம் தொடங்க எண்ணியவர் முதலிற் கடைக்கு இடம் பார்த்தார். பெயர்ப்பலகையைப் பின்னரே எழுதுவித்தார். இன்றோ இடம் பார்க்குமுன்னரே இணையத்தில் முகவரியாக விளங்கும் ஆள்களப் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. அப்பெயரை முதலிற் பதிவு செய்வதா, அன்றிக் கம்பனியை முதலில் அமைப்பதா?

அமெரிக்காவில் இருவகையாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெஃப் பெசோஸ் என்பவர் 1994 ஜூலையிற் கம்பனியையே முதலில் அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கடாப்ரா'. மந்திரவாதியின் 'அப்ரகடாப்ரா'வில் தலையை வெட்டிய மிச்சம். அவருடைய சட்டத்தரணியின் செவியிலோ அது பிணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்ததாம்! அவ்வாண்டு நவம்பர் 1ஆந் திகதி 'அமேசன்' என்னும் ஆள்களப் பெயர் பதிவாயிற்று. கம்பனியும் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

லாரி பேஜ், சேர்கே பிரின் என்னும் மாணவர் இருவரோ 1997 செப்டெம்பர் 15ஆந் திகதி 'கூகிள்' என்ற ஆள்களப் பெயரைப் பதிந்துவிட்டுக் கம்பனியை மறந்திருந்தனர். மறு ஆண்டு ஆகஸ்டில் அன்டி பெக்டோல்ஷைம் என்பவர் 'கூகிள்' கம்பனியின் பெயருக்கு ஓர் இலட்சம் டொலர் காசோலை எழுதிக் கொடுத்தார். அப்படியொரு கம்பனி அப்பொழுது இல்லை. செப்டெம்பர் 4ஆந் திகதி அது பதிவாகும் வரை காசோலையை வங்கியில் இட வழியில்லாது போயிற்று.

பெயரை முதலிற் பதிவதே நன்று என்பது என் துணிபு. கம்பனி சில வாரம் தாமதித்தால் காசோலை காத்திருக்கும். ஆள்களப் பெயர் காத்திராது. ஒரே பெயரிற் கம்பனிகள் வெவ்வேறு நாடுகளில் இருக்கலாம். ஆள்களப் பெயரோ உலகனைத்துக்கும் ஒன்றே. முந்தியவருக்கே அது உரியது. ஆண்டுக்கொரு சிறு கட்டணத்தோடு கிடைக்கும் பெயரைப் பிறர் கையிலிருந்து மீட்பதெனில் விலை வேறு. டெஸ்லா நிறுவனம் 2016இல் தன் பெயரை அவ்வாறு பெறப் பதினொரு மில்லியன் டொலர் சென்றதென அதன் தலைவரே பின்னர் கூறினார்.

ஆயினும் எவர் பெயரிற் பதிவது என்பதே பெருஞ் சிக்கல். நண்பர் இருவர் கூடித் தொழில் தொடங்குகின்றனர். கம்பனி இன்னும் இல்லாமையால் ஒருவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிகிறார். கம்பனி அமைகிறது, வியாபாரமும் வளர்கிறது. பின்பு மனம் முறிகிறது. மேசையும் சரக்கும் கம்பனிக்கு. வாடிக்கையாளர் அறிந்த முகவரியோ பிரிந்து போனவருக்கு! புதுப்பிக்கும் அறிவித்தலும் அவருக்கே போகும். தளத்தை அமைத்துக் கொடுத்த பையனின் பெயரிலே பதிவு கிடப்பதும் உண்டு. நண்பரிடம் கடதாசி கேட்க நம்மவர் கூசுவர். கூசாமற் கேளுங்கள். "கம்பனி அமைந்ததும் இப்பெயரை அதற்கே மாற்றித் தருவேன்" என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

நம் நாட்டுக்குரிய ஈற்றிலும், 2010 முதல் '.இலங்கை' எனத் தமிழிலேயும் பெயர் பதியலாம். கட்டணம் செலுத்துமுன், கம்பனிப் பதிவாளரிடம் அப்பெயர் வேறெவர்க்கும் பதிவாகியுள்ளதா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்க. வியாபாரக் குறி என்பது இவ்விரண்டினும் வேறு; அதனை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி தனியே பதிவு செய்தல் வேண்டும்.