தொண்டை ஒருத்தருது, குரல் ஒருத்தருது
(பழைய மாணவர் சங்கமத்தில் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'செயற்கை நுண்ணறிவும் எதிர்காலமும்'. எதிர்காலத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. 2011-ல் இந்தக் கேட்டை விட்டு வெளியே போனபோது அடுத்த மாசம் என்ன செய்யப் போகிறோம் என்றே தெரியாமல் போனவன் நான். அதனால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். பாட்டும் அரசியலும். தமிழ்நாட்டில் இந்த இரண்டிலும் எல்லாரும் நிபுணர்கள். நான் எங்கேயாவது உளறினால் உடனே பிடித்துவிடலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் பழமைவாதி. ஒலி சம்பந்தமான மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் பழமைவாதியாக இருக்கலாமா என்று என் மனைவியே கேட்கிறாள். பழமைவாதி என்றால் மாற்றமே கூடாது என்பவன் இல்லைங்க. நம் கேட்டில் ஒரு வாட்ச்மேன் தாத்தா இருந்தாரே, நினைவிருக்கிறதா? தினமும் பார்க்கிற முகமானாலும் ஐடி கார்டைக் கேட்பார். காட்டினால் சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார். பழமைவாதி அவரைப் போல. புதுசாக வருகிறவனிடம் 'நீ யாரு, யாரைப் பார்க்கணும்?' என்று கேட்கிறவன். அவ்வளவுதான்.

அந்தத் தாத்தா மாதிரி ஆட்களும் சில சமயம் கொஞ்சம் ஓவராகப் போய்விடுவது உண்டு. அகில இந்திய வானொலியில் 1940-லிருந்து 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடை. கட்டைக்குக் கட்டை தாவுகிற பெட்டியில் கமகம் எப்படி வரும் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு நியாயம்தான், முப்பத்தோரு வருஷ தண்டனை அதிகம்! ஆனால் அதே சங்கீத உலகம் 1979-ல் வந்த எலெக்ட்ரானிக் தம்புராவை மறுபேச்சில்லாமல் மேடையேற்றிவிட்டது. பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் செய்தது, நம்ம ஜாதி! அந்தப் பெட்டி ஏன் தப்பித்தது தெரியுமா? அது பாடகர் பின்னால் உட்கார்ந்து சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. 'நகருங்க, நான் பாடறேன்' என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்போது வந்திருக்கிற பெட்டி அதைத்தான் சொல்கிறது.

அரசியலுக்கு வருவோம். 2024 ஜனவரியில் சேலத்தில் தி.மு.க. இளைஞரணி மாநாடு. திரையில் கலைஞர் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே கரகரத்த குரல். பேசினார், பாராட்டினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்டில். அடுத்த மாதமே, பிப்ரவரி 24 அன்று, அம்மாவின் பிறந்த நாளில் அ.தி.மு.க. ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. ஜெயலலிதா பேசினார், கட்சியைக் காக்கச் சொன்னார். அவர் மறைந்தது 2016 டிசம்பரில். ஆக, எதிரும் புதிருமான இரண்டு கட்சிகள், ஒரு மாத இடைவெளியில், ஒரே தொழில்நுட்பத்தில் கைகோத்துவிட்டன. வேறு எதிலாவது இந்த ஒற்றுமையைப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு இதில் சிரிப்பு வந்த இடம் வேறு. கலைஞர் 1952-லேயே 'பராசக்தி'க்கு வசனம் எழுதி, நாடு பூராவும் அடுத்தவர் வாயில் தன் தமிழைப் பேச வைத்தவர். அவர் வாயில் இன்னொருத்தர் வசனத்தை வைக்க ஒரு கம்ப்யூட்டர் வர வேண்டியிருந்தது! அந்தப் பக்கம் பாருங்கள். அம்மையார் இருந்தவரைக்கும் அவர் முன்னால் நிமிர்ந்து நிற்கவே யோசித்தவர்கள், இப்போது 'அம்மா, இதைப் பேசுங்க' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அவரும் ஒரு வார்த்தை மாற்றாமல் பேசுகிறார். தலைவர்கள் இவ்வளவு சொன்னபடி கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் தொண்டர்கள் எப்போதோ இதைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

உயிரோடு இருக்கிறவர்களும் தப்பவில்லை. பிரதமர் மோடியின் குரலில் தமிழ் சினிமாப் பாட்டுகள் 2023-ல் போனுக்குப் போன் பறந்தன. அந்த வருஷம் நவம்பரில் அவரே, தான் கர்பா ஆடுவதாக ஒரு வீடியோவைப் பார்த்ததாகச் சொல்லி, இப்படிப் போலி செய்வது ஆபத்து என்று எச்சரித்தார். எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் விசாரித்துப் பார்த்தால் அந்த வீடியோவில் ஆடியது அவரைப் போலவே இருக்கிற ஒரு மனுஷர். அசல் மனுஷர், அசல் ஆட்டம். செய்தவன் சாப்பாடு சாப்பிடுகிற ஆள், பழி கம்ப்யூட்டருக்கு! போலியை அசல் என்று நம்புவது ஒரு கஷ்டம் என்றால், அசலைப் போலி என்று நினைக்க ஆரம்பிப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். நாளைக்கு ஒருத்தர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாலும் 'அது நான் இல்லை, ஏஐ' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தத் தேர்தலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தொலைபேசி அழைப்புகளும் வந்தன. எங்கள் அம்மாவுக்கு ஒன்று வந்தது. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை, மதியச் சாப்பாடு வரைக்கும் நான் எல்லாருக்கும் வேண்டியவனாக இருக்க வேண்டும். ஒரு தலைவரின் குரல், அம்மாவைப் பெயர் சொல்லி, 'நலமா?' என்று கேட்டது. அம்மா விடுவாரா? 'நலம்தாங்க, ஆனா தெருவுல மூணு நாளா தண்ணி வரலைங்க' என்று ஆரம்பித்துவிட்டார். குரல் பொறுமையாக, 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று சொல்லி வைத்துவிட்டது. நான் போய், 'அம்மா, அது மெஷின்மா' என்றேன். அம்மா சொன்னார்: 'நேர்ல வந்தப்பவும் அதையேதான்டா சொல்லிட்டுப் போனாரு.'

இந்த இடத்தில் எம்.ஜி.ஆரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. உச்சரிப்பு குழறிவிட்டது. அவர் அந்தக் குரலிலேயே நடித்தார், அந்தக் குரலிலேயே பேசினார், பத்து வருஷம் கழித்து அந்தக் குரலிலேயே முதலமைச்சரானார். எங்கள் பாட்டிக்கு அவர் பேசியதில் பாதி புரிந்திருக்காது. அதற்காக ஒரு ஓட்டு குறையவில்லை. இன்றைக்கு என்றால் பக்கத்தில் ஒரு ஆலோசகர் உட்கார்ந்துகொண்டு, 'தலைவரே, பழைய குரல் நம்மகிட்ட ஸ்டாக் இருக்கு, மாத்திடலாம்' என்று சொல்லியிருப்பார். நானே அந்த வேலையை ஒரு மதியத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன். கெட்டுப்போனது பழைய குரல் மட்டுமாக இருந்திருக்காது.

பாட்டுக்கு வருகிறேன். இது எப்படி நடக்கிறது என்று மாணவர்களுக்கு ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன், பெரியவர்கள் காபி குடிக்கலாம். ஒரு பாடகரின் பழைய பதிவுகளைப் போட்டால், அந்தக் குரலின் நாதம் எப்படி அமைந்திருக்கிறது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்பதை இயந்திரம் கற்றுக்கொள்கிறது. நம்ம ஃபூரியர்தான், வேறு யாருமில்லை. பிறகு பெரும்பாலும் வேறொருத்தர் அந்தப் பாட்டை முழுசாகப் பாட வேண்டும். மூச்சு அவருடையது, சங்கதி அவருடையது, தவறிப்போய் மறுபடி பாடின கஷ்டமும் அவருடையது. மேலே போர்த்துகிற குரல் மட்டும் மறைந்தவருடையது. பேர் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

சுருதியைச் சரிசெய்கிற ஆட்டோ-ட்யூன் 1997-ல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் பூமிக்கடியில் எண்ணெய் தேடுகிற கம்பெனிகளுக்காக நில அதிர்வுக் கணக்குப் போட்டவர். எண்ணெய் தேடின கணக்கு தொண்டைக்குள் சுருதி தேட வந்தது. அப்போதாவது பாட ஒரு ஆள் தேவைப்பட்டது. இப்போது நாலு வார்த்தை தட்டினால் ஒரு நிமிஷத்தில் முழுப் பாட்டு. எங்கள் பாட்டைத் திருடித்தான் கற்றுக்கொடுத்தீர்கள் என்று அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்கள் 2024-ல் வழக்கே போட்டன. நானும் ஒரு செயலியில் 'கல்யாணி ராகம், மெலடி' என்று கேட்டுப் பார்த்தேன். முதல் வரியில் கல்யாணி மாதிரி கிளம்பி, இரண்டாவது வரியில் பிரதி மத்தியமத்தைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, சரணத்தில் யாரோ கல்யாணம் என்று புரிந்துகொண்டு நாதஸ்வரம் கெட்டிமேளத்தோடு முடித்துவிட்டது!

கிண்டல் செய்துவிட்டுப் போய்விட முடியாத இடங்களும் உண்டு. 'லால் சலாம்' படத்துக்காக 2024-ல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். ஐடி கார்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்தவர் அவர். இன்னொரு பக்கம், தெலுங்குப் படம் ஒன்றில் எஸ்.பி.பி. குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. அதே வருஷம் ஜனவரியில் பவதாரிணி போய்விட்டார். சில மாதங்களில் 'கோட்' படத்தின் ஒரு பாட்டில் அவர் குரல் வந்தது. இசையமைத்தது தம்பி யுவன். அக்கா குரலை இன்னொரு தடவை கேட்க ஒரு தம்பி ஆசைப்பட்டால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உயிரோடு இருக்கிற பாடகர், 'இந்த வரி எனக்குப் பிடிக்கலை, மாத்துங்க' என்று சொல்லலாம். ஸ்டூடியோவிலிருந்து எழுந்து வந்துவிடலாம். போனவர் எழுந்து வர முடியாது.

இது எனக்கு வெறும் பேச்சு இல்லை. மூன்று மாதம் முன்னால் நம் சங்கத்திலிருந்து ஒரு சீனியர் அண்ணன் போன் செய்தார். 'தம்பி, நீ குரல் வேலைதானே பாக்கிறே? நம்ம சிக்னல்ஸ் சார் குரல்ல ஒரு வரவேற்புரை பண்ணிடேன். ரெண்டு நிமிஷம் போதும். எல்லாரும் அழுதுடுவாங்க.' சார் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் கேட்டேன், 'சார் என்னண்ணே பேசணும்?' 'வழக்கமா பேசறதுதான். எல்லாரும் நல்லா இருங்க, கட்டட நிதிக்குத் தாராளமா கொடுங்க, அப்படி.'

சாரைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். லேப் ரெக்கார்டு நோட்டைத் தவிர எங்களிடம் எதையும் கேட்டு வாங்காத மனுஷர்!

ஆனாலும் அண்ணன் சொன்னதைத் தட்டவில்லை, சாரின் துணைவியாரைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'குரல் வந்துடுமாப்பா?' என்றார்கள். 'வந்துடும்மா, அப்படியே வந்துடும்.' 'அவர் என்ன சொல்லுவாருன்னு உனக்குத் தெரியுமா? முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தேன், அடுத்தது என்ன சொல்லப் போறாருன்னு எனக்கே ஒருநாளும் தெரிஞ்சதில்லையே' என்றார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முன்வரிசையில்தான் இருக்கிறார், இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் செட் பிரிவு உபசார விழாவில் சார் பேசியதை என் ரூம்மேட் அவனுடைய நோக்கியா போனில் பிடித்து வைத்திருந்தான். பதினோரு நிமிஷம். மின்விசிறி சத்தம் இருக்கிறது, சார் இரண்டு தடவை இருமுகிறார், நடுவில் பெல் அடிக்கிறது. அந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிடலாமா என்று தொழில் புத்தி கேட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மணிக்குப் பழைய செமினார் ஹாலில் போடுகிறேன். ஏழாவது நிமிஷத்தில் ஒருத்தன் பெயரை மறந்துபோய், 'அந்தப் பையன், கடைசி பெஞ்சு, எழுந்திரு' என்பார். அந்தப் பையன் இன்று திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறான். மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். என்ன விஷயம் என்று இன்னும் சொல்லவில்லை.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.