சட்டம் வந்த ஆண்டு 1997, விதி வந்த ஆண்டு 2018



1997ஆம் ஆண்டு நம் சட்டமன்றம் ஒரு நல்ல சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் மருத்துவமனை, கிளினிக், ரத்தப் பரிசோதனைக்கூடம் எதுவானாலும் அரசிடம் பதிவு செய்த பிறகே நடத்த வேண்டும் என்ற சட்டம் அது. நல்ல நோக்கம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்த விதிகள் வேண்டுமே! எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, எந்த அதிகாரி வந்து பார்ப்பது, எத்தனை படுக்கைக்கு எத்தனை செவிலியர் என்பதையெல்லாம் விதிகள்தான் சொல்லும். அந்த விதிகள் எப்போது வந்தன தெரியுமா? 2018இல். இடையில் ஓடியது 21 ஆண்டுகள்! சட்டம் வந்த அன்று பிறந்த பிள்ளை வளர்ந்து, படித்து, வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்துவிட்டது. விதி மட்டும் கோட்டையை விட்டு வெளியே வரவில்லை.

நண்பர்களே, இடையில் ஆட்சிகள் மாறின. ஆகவே இந்தப் பழியை ஒரு கட்சியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நான் இறங்கிப் போக மாட்டேன். மசோதா நிறைவேறும் நாளில் மேசையைத் தட்டுகிறோம், மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். மறந்தவர்களில் நாமும் உண்டு, இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் உண்டு.

2018இல் சட்டத்தைத் திருத்தி அரசு மருத்துவமனைகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அரசு வைத்த அளவுகோலுக்கு அரசும் உட்பட வேண்டும் அல்லவா? ஆனால் இந்தச் சட்டப்படி பதிவையும் ஆய்வையும் கவனிக்க மாவட்டத்துக்கு ஓர் இணை இயக்குநர்தான். அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் பொறுப்பும் அவர் மேசையில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் அத்தனை கிளினிக்குகளையும் அவர் எந்த நேரத்தில், எந்த ஆட்களை வைத்துப் பார்ப்பார்? பார்க்க ஆள் இல்லாத ஊரில் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டிய காகிதமாகவே நின்றுவிடும். 2022இல் ஈரோட்டில் என்ன நடந்தது? பதினாறு வயதுச் சிறுமி. ஆதாரில் வயதை மாற்றி, ஊர் ஊராகக் கூட்டிப்போய், திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்திருக்கிறார்கள். அது நடந்தது ஏதோ இருட்டறையில் அல்ல. பெயர்ப்பலகை மாட்டிய மருத்துவமனைகளில். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து "உனக்கு என்ன வயது?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லையே!

மருத்துவமனையைப் பேச வந்தவன் பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகிறான் என்று நினைப்பீர்கள். கும்பகோணத்தில் நின்றுகொண்டு போகாமல் இருக்க முடியுமா? 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். அதில் ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. மேலே ஓலைக்கூரை. அது தீப்பற்றி எரிந்ததில் 94 குழந்தைகளை இழந்தோம். அங்கீகாரம் கொடுத்த கையும் உதவித்தொகை கொடுத்த கையும் அரசின் கைதான். இரண்டு கைகளும் அந்தக் கூரையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வரவே பத்து ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பெற்றோர் பிள்ளைகளின் படத்துக்கு மாலை போடுவதை நீங்கள் பார்க்கிறீர்கள், நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும், அந்தச் செலவை அரசு திருப்பித் தர வேண்டும் என்கிறது. பிள்ளை இன்று சேருகிறாள், பணம் என்றைக்கோ வருகிறது. அந்தப் பணத்துக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் வழியே வருகிறது; அந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது கணக்கு. 2024-25இல் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கையில் உடன்படு, பிறகு பணம் என்பது கூட்டாட்சிக்கு முறையா? மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, போனது சரி என்பதே என் கருத்து. ஆனால் மாநில அரசிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 2025-26இல் கோடையில் தொடங்க வேண்டிய 25 சதவீதச் சேர்க்கை அக்டோபரில்தானே தொடங்கியது? ஜூனில் பள்ளி திறந்தது. வீட்டில் காத்திருந்த பிள்ளைக்குத் தில்லி யார், கோட்டை யார் என்று தெரியுமா? கையில் பணம் இருந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளையின் தாய் இ-சேவை மையத்துக்கு நடந்துகொண்டிருந்தாள்.

இதே பணத்தில்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளமும் இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்குச் சைகையில் பாடம் சொல்லும் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் வருமா என்ற கவலை இருந்தால் அந்த வகுப்பு எப்படி நடக்கும்? சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டமே வேண்டாம் என்று அல்ல. மக்களின் உடம்பையும் பிள்ளைகளின் படிப்பையும் தொடும் எந்த மசோதா வந்தாலும், விதிகள் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை அந்த மசோதாவிலேயே எழுதுங்கள். எத்தனை ஆய்வாளர் பணியிடம், அவர்கள் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதை நிதிக் குறிப்பில் சொல்லுங்கள். 25 சதவீத இடத்துக்கான பணத்தை ஒன்றிய அரசு தந்தாலும் தராவிட்டாலும், பள்ளி திறக்கும் முன்பே மாநிலம் முன்பணமாகக் கொடுக்கும் என்று சட்டத்தில் வையுங்கள். வரவேண்டிய பங்கை வழக்காடி வாங்கிக்கொள்ளுங்கள். கருவூலத்துக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாரத்தை இன்று ஐந்து வயதுப் பிள்ளை சுமக்கிறது.

நம் சட்டமன்ற உறுப்பினருக்கு இவற்றை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது. படித்துப் பாருங்கள். உடன்பட்டால் கையெழுத்துப் போடுங்கள், மாறுபட்டால் அதை அங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குமுன் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கூட வரக்கூடியவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.