உடனே வசனம் எடுக்காதீங்க

டீனேஜ் பசங்க கேக்குற கேள்விக்குப் பின்னாடி பெரும்பாலும் இன்னொரு கேள்வி இருக்கும். அது வெளிய வர நேரம் ஆகும்.

நம்ம மயிலாடுதுறை யூத் மீட்டிங்ல பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, இயேசுவை நம்பாதவங்க எல்லாரும் நரகத்துக்கா போவாங்க?" உடனே ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தா அமைதியாயிருப்பான். ஆனா அதுக்கப்புறம் எதுவும் கேட்டிருக்க மாட்டான். "யாரை நினைச்சுடா கேக்குற?"ன்னேன். கொஞ்ச நேரம் செருப்பையே பாத்துட்டிருந்தான். அவன் நண்பனோட அப்பா போன மாசம் இறந்துட்டாராம். இந்து குடும்பம். சின்ன வயசுலேர்ந்து அந்த வீட்டுலதான் இவனுக்குப் பொங்கல் சாப்பாடு.

"எனக்கும் முழுசா தெரியாது, சேர்ந்து படிக்கலாம்"னு சொல்லிட்டு, நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பத்திப் பேசினேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879ல வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர், இங்க முன்சீப்பா இருந்தவர் (பாடப்புத்தகம் அதோட நிறுத்திடும்). அவர் கத்தோலிக்கர். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு நெருங்கின நண்பர். 1876-78 பஞ்சத்துல அவர் செஞ்ச உதவியைப் பாத்து, நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதியே அவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். பிள்ளை தன் விசுவாசத்தையும் விடல, இந்த நட்பையும் விடல.

பையன் யோசிச்சுட்டுக் கேட்டான்: "அவர் அவங்களுக்காக ஜெபம் பண்ணியிருப்பாராண்ணா?"

அடுத்த ஞாயிறு அதைத்தான் எடுக்கிறோம்.