உடைந்த கல் சொன்ன உண்மை
(வானொலி மறையுரை)



கையிலிருந்த அருமையான பொருள் தவறி விழுந்து உடைந்தால் நமக்கு என்ன தோன்றும்? "ஐயோ, போயிற்றே!" என்போம். அப்படி உடைந்த ஒரு கல்லிலிருந்து ஓர் அறிவியலையே கண்டெடுத்த குருவானவர் ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவர் அருட்தந்தை ரெனே ஜூஸ்ட் ஆயுயி. 1743-இல் பிரான்சு நாட்டில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சிற்றூர்க் கோயிலின் பாடலில் மயங்கி நின்ற சிறுவனை அங்கிருந்த துறவிகள் கவனித்தார்கள். அவனுக்குக் கல்வி வாய்த்தது. பின்னர் குருவாகிப் பாரிசில் ஆசிரியரானார்.

ஒருநாள் நண்பர் வீட்டில் ஒரு கால்சைட் படிகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கைதவறி உடைந்தது. வெட்கத்தோடு குனிந்தவர், உடைந்த துண்டைக் கண்டு வியந்தார். வெளியே ஆறுபட்டைத் தூணாக இருந்த கல்லின் உள்ளே, வேறொரு கால்சைட் படிகத்தின் சாய்சதுர முகங்கள் தெரிந்தன. வீட்டுக்கு வந்து, ஆசையாய்ச் சேர்த்த தம் படிகங்களைத் தாமே உடைத்தார். வெளித்தோற்றம் எதுவானாலும் உள்ளே அதே வடிவம்! சின்னஞ்சிறு ஒரே வடிவக் கட்டிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டே படிகம் உருவாகிறது என்று 1784-இல் நூல் எழுதினார். படிகவியலுக்கு அது அடித்தளமாயிற்று.

பிறகு புரட்சிக் காலம் வந்தது. அரசு கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்ததால், 1792 ஆகஸ்டில் மற்றக் குருக்களோடு புனித பிர்மின் குருமடத்தில் சிறைவைக்கப்பட்டார். இளம் மாணவர் ஜோப்ருவா சேந்த்-இலேர் அலைந்து திரிந்து விடுதலை ஆணை பெற்றுத் தந்தார். சில வாரங்களில், செப்டம்பர் 3 அன்று, அங்கிருந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்நாள்களில் இறந்த 191 மறைச்சாட்சிகளை 1926-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் அருளாளர்களாக உயர்த்தினார்.

உயிர் தப்பியவர் ஒதுங்கி வாழவில்லை. வேதியியல் அறிஞர் லவாய்சியே சிறைப்பட்டபோது, பலரும் வாய்மூடியிருந்த அந்நாளில், அவரை விடுவிக்கும்படி எழுதியவர்களில் இவரும் ஒருவர். ஆனாலும் 1794-இல் லவாய்சியே கொல்லப்பட்டார். எழுதியது வீணா? இல்லை. பலன் நம் கையில் இல்லை. பேசவேண்டிய கடமை நம்முடையது.

இவருடைய தம்பி வாலந்தேன் ஆயுயி, பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாரிசில் பள்ளி தொடங்கியவர். லூயி பிரெயில் பயின்றது அங்கேதான். அண்ணன் கல்லுக்குள் ஒழுங்கைக் கண்டார். தம்பி, உலகம் ஒதுக்கிய பிள்ளைகளுக்குள் திறமையைக் கண்டார். 1822-இல் இருவரும் காலமானார்கள்.

அன்பர்களே, நம் வீட்டிலும் உடைந்தவை உண்டு: தேர்வில் தோற்ற மகன், முறிந்த உறவு, நொந்த மனம். உடனே கூட்டிப் பெருக்கிவிடாமல் சற்றுக் குனிந்து பார்ப்போம். எம்மாவு சீடர்கள் ஆண்டவரைக் கண்டுகொண்டது, அப்பம் பிட்கப்பட்டபோதுதான் அல்லவா?

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.