ஐந்தில் வளைக்க இடம் எங்கே?



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. பாட்டி கேட்கிறாள், பள்ளி ஆசிரியர் கேட்கிறார், மேடையேறும் அமைச்சர்களும் கேட்கின்றனர். ஆனால் சட்டம் என்ன சொல்லுகிறது? 2002-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை 86-ஆவது முறையாகத் திருத்தினர். ஆறு வயது முதல் பதினான்கு வரை கல்வி அடிப்படை உரிமை என்றனர். நல்லது, வரவேற்போம்! ஆறுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு? ‘அரசு முயலும்’ என்று 45-ஆம் பிரிவில் எழுதி வைத்தனர். ஆறு வயதுப் பிள்ளைக்கு உரிமை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு முயற்சி!

அந்த முயற்சிக்குப் பெயர்தான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 54,000 மையங்களாகப் பரந்து நிற்கிறது. சத்துணவும் ஆட்டமும் பாட்டும் அகர எழுத்தும் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் அது. அதனைக் குறை கூற நான் வரவில்லை. போதவில்லை என்று கூறவே வந்தேன்.

தாம்பரத்தைப் பாருங்கள்! 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகராட்சியின் மக்கள் 1,37,933 பேர். 2011-இல் 1,74,787 பேர். பத்தே ஆண்டில் கூடியவர் 36,854 பேர். நானூறு முதல் எண்ணூறு பேருக்கு ஒரு மையம் என்பது அரசே வகுத்த அளவு. எண்ணூறு பேருக்கு ஒன்று என்று கையை இறுக்கிக் கணக்கிட்டாலும், கூடிய மக்களுக்கு மட்டும் 46 புதிய மையங்கள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தனவா? உங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்து நீங்களே விடை சொல்லுங்கள்.

2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை அவ்வாண்டில் எடுக்கவில்லை. அதற்காக ஊர் வளராமல் நின்றதா? அதே ஆண்டு நவம்பரில் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் சிட்லபாக்கமும் பிறவும் சேர்ந்து, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளுமாக, தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தது. ஏரிக்கரை வரை வீடுகள் எழுந்தன. குழந்தைகளின் கணக்கு மட்டும் 2011-இலேயே உட்கார்ந்திருக்கிறது!

தெருவுக்குத் தெரு மழலையர் பள்ளி இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது! தனியார் பள்ளியில் ஏழைக்கு 25 விழுக்காடு இடம் உண்டே என்பர் வேறு சிலர். 2025-இல் அந்த இடம் என்ன ஆயிற்று? மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக வழக்காடி நின்றன. ஜூனில் பள்ளி திறந்தது. அந்த இடங்களுக்குச் சேர்க்கை தொடங்கியதோ அக்டோபரில்! இரவல் இடத்தை நம்பியிருப்போர் கதி இதுதான். தெருவிலேயே சொந்த மையம் இருக்குமானால் ஏழைத்தாய் எவர் வாயிலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை.

வழியே இல்லையா? உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, மையம் வேண்டும் என்று கேட்டால், மூன்று மாதத்துக்குள் தந்தாக வேண்டும் என்பது அந்த ஆணை. யாருக்கு? கிராம மக்களுக்கும் குடிசைப்பகுதி மக்களுக்கும்.

இங்கேதான் சிக்கல். அடுக்குமாடி வாயிலில் காவல் நிற்பவர், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர், மெப்ஸ் வளாகத்து ஆலைக்கு விடியலில் புறப்படும் தாய் — இவர்கள் புறநகரில் ஒற்றையறை வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்கள் வாழும் தெரு கிராமமும் அன்று. குடிசைப்பகுதி என்ற பட்டியலிலும் அது இல்லை. வறுமை இருக்கிறது, அதற்குரிய முகவரி இல்லை! ஆகவே அந்த ஆணையின் பயன் புறநகர்த் தெரு ஒவ்வொன்றுக்கும் எட்டவேண்டும் என்கிறோம். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விடச் சொல்லும் அரசு, குழந்தைகள் மையத்துக்கும் ஒரு மனை கேட்டுப் பெறட்டும் என்கிறோம்.

தோழர்களே! அரசு எண்ணும்வரை காத்திருக்க வேண்டா. உங்கள் தெருவின் குழந்தைகளை நீங்களே எண்ணுங்கள். நாற்பது தேறினால், பெற்றோர் கையொப்பத்தோடு பகுதி சபைக் கூட்டத்தில் மனுவை வையுங்கள்; ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்; அன்றிலிருந்து மூன்று மாதத்தை எண்ணுங்கள். இன்று மூன்று வயதாகும் குழந்தைக்கு இன்னும் மூன்றே ஆண்டில் ஆறு வயது. அதற்குப் பின் திறக்கும் மையம் அந்தக் குழந்தைக்குப் பயன்படாது!