சிக்னல் போட்டுக் கடலைக் காப்பாற்ற முடியுமா?

சூஷி தட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் துண்டு இருக்கும் இல்லையா? சால்மன். அது பெரும்பாலும் கடலில் தானாகத் திரிந்த மீன் கிடையாது, கூண்டில் வளர்ந்தது. அப்படி வளர்க்கிற அட்லாண்டிக் சால்மனில் ஏறக்குறைய பாதி நார்வேயிலிருந்துதான் வருது. அந்தக் கடற்கரையை அவங்க எப்படி நிர்வகிக்கிறாங்கன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

1970-ல் ஹிட்ரா என்ற தீவில் இரண்டு சகோதரர்கள் மிதக்கும் கூண்டில் சால்மன் வளர்த்துப் பார்த்தார்கள். இன்னைக்கு நார்வேயின் உற்பத்தி வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் டன். ஒரே கூண்டில் 2 லட்சம் மீன் வரை விடலாம். இவ்வளவு மீன் ஒரே இடத்தில் இருந்தால் கடல் பேனுக்குக் கொண்டாட்டம்தான். மீனின் தோலைத் தின்னும் ஒட்டுண்ணி அது. கூண்டில் பெருகி, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் இயற்கையான சால்மன் குஞ்சுகள் மேலயும் ஏறிக்கும்.

அதனால் 2017-ல் சிக்னல் முறை வந்தது. கடற்கரையை 13 பகுதியாகப் பிரிச்சாங்க. பேனால் சாகும் இயற்கைக் குஞ்சுகள் எத்தனை சதவீதம் என்று நிபுணர்கள் கணிப்பார்கள். 10-க்குள் இருந்தால் பச்சை, உற்பத்தியை 6 சதவீதம் கூட்டலாம். 10 முதல் 30 வரை மஞ்சள், அப்படியே இருக்கணும். அதைத் தாண்டினால் சிவப்பு, 6 சதவீதம் குறைக்கணும். அரசுதான் கடைசியில் நிறத்தை முடிவு பண்ணும்.

முதலில் படிச்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்னும் எவ்வளவு வளரலாம்னு கடலையே கேட்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒண்ணு உறுத்துச்சு. சிக்னல் எண்ணுவது வெளியே சாகும் மீனை மட்டும்தான். 2023-ல் கூண்டுகளுக்குள் 6 கோடிக்கும் மேல் சால்மன் செத்துப்போச்சு, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. நோய், காயம்னு காரணங்கள் பல. பேன் எடுக்கிற வேலையும் அதில் ஒன்று. மீனைப் பம்ப் பண்ணி இழுத்து, அதுக்குச் சூடான தண்ணீரில் முக்கி, பேனை உதிர்க்கிறாங்க. வெளியே இருக்கிற குஞ்சைக் காப்பாத்துற வேலையில் அடிபடுறது கூண்டு மீன்.

சிக்னலே வேண்டாம்னு நான் சொல்லலை. இவ்வளவுதான் வளரலாம்னு ஒரு எல்லை கட்டாயம் வேணும். ஆனா கூண்டுக்குள் சாகிற மீனும் அந்தக் கணக்கில் வரணும். இல்லைன்னா, இத்தனை மீன் செத்தும் பச்சை எரியும்.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.